பூஜ்ஜியம் என்றால் ஆஃப்

முதல் வாரத்தில் மெஷின் முட்டைக்குச் சூடு கொடுக்கும். மூன்றாம் வாரத்தில் முட்டைதான் மெஷினுக்குச் சூடு கொடுக்கும். உள்ளே உயிர் வளர்ந்துவிட்டால் அது தானாகவே கொதிக்க ஆரம்பித்துவிடும். விசிறி ஓடி ஓடி அந்தச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். வண்டியில் முட்டைத் தட்டு ஏற்றி இறக்குகிற எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை நான்காம் நம்பர் மெஷினில் பதினாலாயிரம் முட்டைகள் இருந்தன. எல்லாம் பதினேழு நாள் முட்டைகள். ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது காற்று இல்லை, ஆவி. விசிறி நின்றிருந்தது. பக்கத்தில் ஐந்து மெஷின்கள் இரைந்துகொண்டிருந்ததால் ஒன்று நின்றது யார் காதிலும் விழவில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்பவன் தட்டுக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, சூடு தெரிய மூடிய கண் இமைமேல் வைத்துப் பார்த்தான். பிறகு அதை இருந்த குழியிலேயே திரும்ப வைத்தான். உடைந்துவிடக் கூடாது என்பதுபோல் அவ்வளவு மெதுவாக வைத்தான்.

அவனை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிப் பக்கம் போகாதவன். வாயைத் திறந்தால் முப்பத்தேழரை டிகிரி, முப்பத்தெட்டு டிகிரி என்பதால் வந்த பெயர். "பரீட்சை எழுதாமலே டிகிரி ஆனது இவன் ஒருத்தன்தான்" என்று, சேவல் வேறு பெட்டை வேறாகக் குஞ்சு பிரிக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி அவனுடைய சொந்த அக்கா. அவள்தான் அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்ததும்.

அன்று யாரும் கேலி பேசவில்லை. முதலாளி வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மெமோ. மாலை நான்கு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் ஏற்கும்படி இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படும். அதன்பிறகு, மெஷினுக்குப் புதுக் கன்ட்ரோல் போர்டு மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் டிகிரியைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, என்கூட வீட்டுக்கு வர்றீங்களா? அந்த அம்பது நிமிஷம் நான் உங்க கூடத்தான இருந்தேன். சாட்சிக் கையெழுத்து வேணும்."

அது உண்மை. ஆறே முக்காலுக்கு என் வண்டி போய்ச் சேர்ந்தது. தட்டு எண்ண ஆள் இல்லையென்று சூப்பர்வைசர்தான் அவனை வெளியே கூப்பிட்டார். நாங்கள் இருவரும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவன் வெளியே வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான்காம் நம்பர் விசிறிக்கு ஒரு பூஜ்ஜியத்தை எழுதிவிட்டு வந்திருந்தான்.

அவன் வீடு பத்து நிமிட நடை. ஒரு டயர் கடையின் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அக்காவும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எங்களோடு நடந்து வந்தாள். அவள் தலைமுடியில் குஞ்சுகளின் மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தது. இலை அசையவில்லை. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது.

மாடியில் அவன் மனைவி ஜன்னலோரம் மேஜை போட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. எங்கள் மூன்று பேரையும் அந்த நேரத்தில் பார்த்தவுடனே எழுந்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"நாலாம் நம்பர் போயிருச்சு."

"எத்தனை தட்டு?"

"எல்லாம்."

அவள் செய்கிற வேலையைப் பற்றி எனக்கு அவன் முன்பே சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டருக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுவது. யாரும் வாங்கிக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஒவ்வொரு சிப்புக்கும் அதில் ஒரு டிரைவர் உண்டு. டிரைவருக்கு ஒரு விளக்கப் பக்கம் உண்டு: இந்த எண்ணைப் போட்டால் இது நடக்கும், அந்த எண்ணைப் போட்டால் அது நடக்கும் என்று. பக்கத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் மெயிலில் அனுப்புவார்கள். பழைய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, புது வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அதை ஒருவர் படித்து, சந்தேகம் இருந்தால் வரிக்கு அடியிலேயே கேட்டு, சரியாக இருந்தால் "பார்த்தேன், சரி" என்று தன் பெயரைப் போட வேண்டும். அப்படி ஆறு பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அதில் ஒன்று, பொரிப்பக மெஷின்களின் புது போர்டில் இருக்கிற சிப்பைப் பற்றியது. முன்பு ஒரு மெஷின் தொழிற்சாலையில் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான்கு வருடமாக இதைச் செய்கிறாள். சம்பளம் கிடையாது.

அக்கா அவளுக்கு வைத்திருக்கிற பெயர் கமெண்ட்டு. கீழே டயர் கடைக்காரர் ஒரு முறை போர்டு எழுதினார்: முதல் வரியில் "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்", அடுத்த வரியில் "இலவசம்". இலவசமாகக் காற்று அடித்துத் தருவதைத்தான் அவர் சொல்ல வந்தது. இவள் இறங்கிப் போய், "பிடுங்குறது இலவசமா, அடிக்கிறது இலவசமா, எதுன்னு தெரியலையே" என்று கேட்டாள். அவர் அன்றே அழித்துவிட்டு வேறு எழுதினார். அப்படிப்பட்ட கண்.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பூஜ்ஜியம்."

"எதுக்கு?"

"தானா ஓடட்டும்னு ரெண்டுல விட்டிருந்தேன். வேகம் ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. வெளியில இந்த வெக்கை. முப்பத்தெட்டைத் தாண்டிருச்சு. கன்ட்ரோலையே எடுத்துட்டா முழு வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும்னு பூஜ்ஜியம் போட்டேன். பழைய போர்டுல அப்படித்தான?"

"பழைய சிப்புல அப்படி."

"இதுலயும் அப்படித்தான எழுதியிருந்துச்சு? பூஜ்ஜியம், ஆஃப்."

"ஆஃப்னா எது?"

"கன்ட்ரோல் ஆஃப்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இந்த சிப்புல விசிறி ஆஃப்," என்றாள்.

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்தது. தரை நடுங்கியது. அது நிற்கிறவரை எல்லோரும் காத்திருந்தோம்.

"அதுல எழுதலையே அப்படி," என்றான் டிகிரி. "கன்ட்ரோல் ஆஃபா, விசிறி ஆஃபான்னு ஒண்ணும் இல்லையே. வெறும் ஆஃப். டயர் கடை போர்டுல கேட்டியே, அதை இதுல கேக்கலையா நீ? உன் பேரை அன்னைக்கு எனக்குக் காட்டினியே. நீ பாத்த பக்கம்னுதான நான் யோசிக்கவே இல்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்க அதனால்தான் கஷ்டமாக இருந்தது. அவள் உட்கார்ந்து பழைய மெயில்களைத் தேட ஆரம்பித்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு நாள். அன்று ஒரே ஆள் பதினேழு திருத்தங்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். இது பதினொன்றாவது. பத்து வரை வரிக்கு வரி கேள்வி கேட்டிருக்கிறாள். பதினொன்றில், "சரியாக இருக்கிறது". அவ்வளவுதான்.

"அசந்துட்டேன்," என்றாள்.

"அசராதவ யாரு?" என்றாள் அக்கா. "நான் ஒரு நாளைக்கு நாலாயிரம் குஞ்சு பிரிக்கிறேன். எத்தனை சேவல் பொட்டைக் கூடைக்குப் போயிருக்கும். விடு. இப்ப இவன் வேலைக்கு வழி என்ன, அதைச் சொல்லுங்க. தம்பி, அந்த இன்ஜினியர் என்ன சொன்னான்?"

டிகிரி தயங்கிவிட்டுத்தான் சொன்னான். "பூஜ்ஜியம் போட்டா முழு வேகத்துல ஓடும்னு அந்தப் பக்கத்துல எங்கயாவது எழுதியிருந்தா காட்டு, அப்ப தப்பு சிப்பு மேல, உன் மேல இல்ல, நான் முதலாளிகிட்டப் பேசிக்கிறேன்னு சொன்னாரு."

"எழுதியிருக்கா?"

"இல்ல."

அவன் சொல்லி முடித்ததும் அவன் மனைவி லேப்டாப்பின் திரையைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள். ஒரு விரல் அளவுதான். அவன் அதைப் பார்த்துவிட்டான். மெஷின் கண்ணாடிக்குள் முள் ஒரு கோடு நகர்ந்தாலும் பார்க்கிறவன்.

"என்ன அது?"

"ஒண்ணும் இல்லைங்க."

"காட்டு."

திரையை நிமிர்த்தினாள். நாங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கழித்தல் குறி போட்ட வரி: பூஜ்ஜியம், ஆஃப். கூட்டல் குறி போட்ட வரி: பூஜ்ஜியம், கட்டுப்பாடு இல்லை, விசிறி முழு வேகத்தில் ஓடும்.

எங்கோ ஒரு தூர தேசத்து ஆள் இரண்டு நாள் முன்னால் அனுப்பிய திருத்தம். அந்தச் சிப்பு அந்த ஆளிடம் இல்லை. ஆஃப் என்ற சொல் குழப்புகிறது, மற்ற சிப்புகளில் இப்படித்தான், அதனால் தெளிவாக்கியிருக்கிறேன் என்று கீழே குறிப்பு. அதற்கும் கீழே, எல்லாப் பக்கங்களையும் சேர்த்து வைக்கிற பெரியவரின் வரி, அன்று காலை வந்தது: இன்று மதியத்தோடு இந்தச் சுற்றை முடிக்கிறேன். இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் சரி என்று சொன்னால் சேர்த்துவிடுவேன்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நீ சரின்னு ஒரு வார்த்தை போட்டா, இவன் காட்ட வேண்டியது சாயங்காலத்துக்குள்ள அங்க வந்துரும்."

"அது பொய் அண்ணி."

"பொய்யை நீயா எழுதின? எவனோ எழுதினான். நீ தலையாட்டப் போற."

"தலையாட்டுறதுதான் அண்ணி என் வேலையே. வேற என்ன செய்யறேன் நான்?"

"நல்லாச் சொன்ன. நாலு வருஷமா கண்ணைப் புண்ணாக்கிக்கிட்டு ஆட்டுற. ஒரு டீக்குக் கூட அது ஆகலை. இன்னைக்கு ஒரு நாள் இந்த வீட்டுக்கு ஆகட்டுமே."

"தேதி இருக்கும் அண்ணி. இன்னைக்கு மாத்தினதுன்னு அதுலயே இருக்கும்."

"அந்த இன்ஜினியர் தேதியைத் தேடப் போறதில்ல. அவன்தான் வழியே காட்டியிருக்கான். போர்டு அவன் மாட்டினது. அவனுக்கும் சிப்பு மேல போட்டுட்டா நிம்மதி. உனக்கு மட்டும்தான் வலிக்குது."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்களின் சத்தம் கேட்டது. சோறும் பருப்பும் கொண்டுவந்து நான்கு தட்டில் போட்டாள். அந்த வீட்டில் முட்டை சமைப்பதில்லை. பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற பல வீடுகளில் அப்படித்தான். தட்டுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நான் மட்டும் இரண்டு கவளம் சாப்பிட்டேன். காலையிலிருந்து எழுபது தட்டு இறக்கிய உடம்பு, வெட்கம் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லுங்க லோடு," என்று எனக்கு வைத்திருக்கிற பெயரைச் சொல்லி அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீங்க வெளி ஆளு. நான் கேக்குறது அநியாயமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்," என்றேன். "வேலை போனா அடுத்தது கிடைக்கிறது கஷ்டம். அது தெரியும்."

"கேட்டுக்கோ."

டிகிரி அதுவரை மெமோவை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. அவன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "போட்டுரு."

அவன் மனைவி அவனையே பார்த்தாள்.

"வேற வழி எனக்குத் தெரியலை," என்றான். "பன்னெண்டு வருஷம் அந்த ரூம்ல நின்னுருக்கேன். வேற எதுவும் தெரியாது எனக்கு. போட்டுரு."

அவள் ஈரத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். "பார்த்தேன், சரி" என்ற வரியை அடித்தாள். அதன் பக்கத்தில் தன் பெயரை அடித்தாள். அடிக்கும்போது திரையைப் பார்க்கவில்லை. பழகின கை, தானாகவே போனது. அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அனுப்புறேன்," என்றாள். "நீங்க சொன்னா அனுப்புறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதைப் படிச்சிட்டு இன்னொருத்தர் பூஜ்ஜியம் போடுவாரு. உங்களை மாதிரியே, சூடு ஏறுதேன்னு பயந்துதான் போடுவாரு. அவர் மெஷினுக்குள்ள என்ன இருக்கும்?"

"முட்டைதான் இருக்கணும்னு இல்ல," என்றான்.

"இல்ல."

"வேற என்னவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

மோட்டார் மறுபடியும் ஓடியது. இந்த முறை நீளமாக, லாரி டயராக இருக்க வேண்டும். டிகிரி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் நின்றதும் சொன்னான்: "முட்டையா இருந்தாத் தேவலை. அழிச்சிடு."

அவள் அந்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து தெருவுல நில்லுங்க," என்று அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்ட வேகத்திலேயே அவள் மனம் தெரிந்தது.

அவன் மனைவி பதில் எழுதினாள். எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். இந்தத் திருத்தம் சரியில்லை. இந்தச் சிப்பில் பூஜ்ஜியம் எழுதினால் விசிறி நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன் ஆஃப் என்ற சொல்லைக் கேள்வி கேட்காமல் விட்டது நான். அந்தச் சொல்லால் இன்று ஓர் இடத்தில் பதினாலாயிரம் முட்டைகள் வெந்துபோயின. அதன்பின் அவளாகவே ஒரு கழித்தல் வரியும் ஒரு கூட்டல் வரியும் எழுதிச் சேர்த்து அனுப்பினாள்.

பதில் வருவதற்குள் ஒரு மணி ஆகிவிட்டது. அந்தப் பெரியவர் நீட்டி எழுதுகிற ஆள் இல்லை போல. சிப்புக் கம்பெனியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கருவியில் யாராவது கண்ணால் பார்த்தார்களா? பார்த்திருந்தால் "சோதித்தவர்" என்று பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் மற்ற சிப்புகளைப் போலத்தான் இதுவும் என்று வைத்துக்கொண்டு, முதலில் வந்த திருத்தத்தையே சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டு மணி வரை பார்ப்பேன்.

அவள் அதைப் படித்துவிட்டு அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்குறாரு?" என்றான் அவன்.

"பாத்தவங்க பேரு."

"நீ போட முடியாதா?"

"நான் பாக்கலையே. சொன்னதைக் கேட்டேன். அது வேற."

அக்கா ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். "வேண்டாம்டா. நல்லா யோசி. இப்ப வரைக்கும் நீ பூஜ்ஜியம் போட்டது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். பேரைக் கொடுத்துட்டா ஊரு உலகத்துக்கே வாக்குமூலம். நாலு மணிக்கு உன் கையில பேசுறதுக்கு என்ன இருக்கு?"

"இப்ப மட்டும் என்னக்கா இருக்கு?"

"மழுப்பலாம்டா. கரண்டு ஏறி இறங்குச்சுன்னு சொல்லலாம். ஒயர் லூசுன்னு சொல்லலாம். எத்தனை பேரு சொல்றாங்க."

கடிகாரத்தில் ஒன்று நாற்பது. அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே டயர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். டிகிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தொட்டியில் குமிழ் வந்ததா இல்லையா தெரியாது.

"சோதிச்சவன் நான்தான," என்றான் திரும்பாமலே. "பதினாலாயிரம் முட்டையை வச்சு சோதிச்சிருக்கேன். உலகத்துல இவ்வளவு பெரிய சோதனை எவன் பண்ணியிருப்பான்?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"போடு," என்றான். "இனிஷியலை விட்டுடாத. மெமோவுல இனிஷியலோடதான் இருக்கு."

அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். புருஷன் பெயர் அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு விளக்கக் கடிதம் எழுத பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நடந்ததை எழுதினான். மழுப்பல் இல்லாவிட்டால் கடிதம் சின்னதாகிவிடுகிறது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலாளி அறைக்குள் போனோம். சாட்சி என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு இன்ஜினியரிடம் தள்ளினார். இன்ஜினியர் படித்துவிட்டு டிகிரியை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல முழு வேகம்னு இருந்தாக் காட்டுன்னு சொன்னேனே."

"இல்ல சார். ஆஃப்னுதான் இருந்துச்சு. நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். இப்ப மாத்துறாங்க." போனைத் திறந்து, மனைவி அனுப்பியதைக் காட்டினான்.

இன்ஜினியர் போனை வாங்கி விரலால் மேலும் கீழும் தள்ளினார். "உன் பேரு இருக்கு இதுல."

"ஆமா சார்."

"இதை இனிமே யாரும் அழிக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அது இன்னும் மோசம். "விசிறி நின்னுச்சு, சரி. சூடு நாப்பதைத் தாண்டியிருக்கு. அலாரம் ஏன் அடிக்கலை?"

டிகிரி பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டு நிறுத்தினான். அவன் அதை அப்போதுதான் யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"அலாரமும் அதே சிப்புலதான் சார் இருக்கு," என்றான் மெல்ல. "பூஜ்ஜியம் போட்டா அதையும் சேத்து நிறுத்திடுது. காலையில திரும்பி வந்து நான் ரெண்டைப் போட்டேன் பாருங்க, அதுக்கப்புறம்தான் அடிச்சுது. அது வரைக்கும் ஊமை."

முதலாளி இன்ஜினியரைப் பார்த்தார். போர்டு மாட்டிய அன்று, எது நின்றாலும் அலாரம் நிற்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். இன்ஜினியர் போனை மேஜையில் வைத்தார்.

"மத்த அஞ்சுலயும் இதே சிப்பா?"

"ஆமா சார்," என்றார் இன்ஜினியர்.

"இன்னைக்கு ஆறு மணிக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு அலாரம் மாட்டிட்டு வந்து சொல்லுங்க." பிறகு டிகிரியிடம் திரும்பினார். "மெஷின் ரூம் சாவி?"

அவன் இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான்.

"நாளையிலேர்ந்து தட்டு கழுவுற இடத்துக்கு வா."

"எத்தனை நாளைக்கு சார்?"

"நான் சொல்ற வரைக்கும்."

வெளியே வந்தோம். பின்பக்கத்தில் நான்காம் நம்பரின் முட்டைகளைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவன் நின்று பார்க்கவில்லை. சுற்றி வேறு வழியாகப் போனான்.

வீட்டுக்குப் போனபோது வெயில் தணிந்திருந்தது, புழுக்கம் தணியவில்லை. அவன் மனைவியும் அக்காவும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலை இருக்கு," என்றான். "ரூம் இல்ல. தட்டு கழுவணும்."

"எவ்வளவு நாளு?" என்றாள் மனைவி.

"அவர் சொல்ற வரைக்கும்."

"கொதிக்கிற தண்ணி, சோடாக் காரம் கலந்தது," என்றாள் அக்கா. "ஒரு மாசத்துல கை தோல் உரிஞ்சுரும். நான் பாத்திருக்கேன்." எழுந்து போய் டீ வைத்தாள். முதல் டம்ளரை அவனுக்குத்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் டீயோடு மேஜைக்குப் போனான். "சேத்துட்டாங்களா?"

"எடுத்து வச்சிருக்காரு. நாளைக்குக் காலையிலதான் சேப்பாராம். அது வரைக்கும் யாராவது ஏதாவது சொன்னா மாத்தலாம்."

"படி."

"பூஜ்ஜியம் எழுதினால் விசிறி நின்றுவிடும். அவ்வளவுதான். குழப்பம் இல்லைல்ல?"

"குழப்பம் இல்ல. பத்தலை."

"என்ன பத்தலை?"

"அலாரமும் அடிக்காதுன்னு போடு."

அவள் சட்டென்று திரும்பினாள். "அடிக்காதா?"

"அடிக்கலையே."

அவள் டிரைவரைத் திறந்து ஏதோ தேடினாள். கால் மணி நேரம் வரி வரியாகப் பார்த்தாள். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "ஆமாங்க. இங்கயே இருக்கு. இதை இத்தனை நாள் யாரும் எழுதவே இல்ல." அடித்தாள். இரண்டாம் பதிப்பு என்று தலைப்பில் போட்டாள். அவனுக்காகச் சத்தமாகப் படித்தாள்: பூஜ்ஜியம் எழுதினால் விசிறி நின்றுவிடும். ஒன்று, இரண்டு என்று மற்ற எண்கள். எந்த வேகத்துக்கு எந்த மதிப்பு. கடைசியில், பூஜ்ஜியத்தில் இருக்கும்போது அலாரம் அடிக்காது.

"எங்க போட்டிருக்க அதை?" என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"கடைசி வரியில அண்ணி."

"கடைசி வரைக்கும் எவன் படிப்பான்? சூடு ஏறுறப்ப நின்னு படிச்சிட்டு இருப்பானா? முதல்ல போடு."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்த வரியை அங்கிருந்து வெட்டி, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.